மாசாணத்துக்குக் கொடுக்க வேண்டியது

கிருபாசங்கரின் அம்பாசிடர் கார் விஜயமங்கலம் தாண்டிப் புகை கக்கி நின்றபோது அதற்குள் ஐந்து பேர் பட்டுடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். சென்னிமலையில் காலை முகூர்த்தம். பெண்ணின் தாய்மாமன் வீட்டார் அவர்கள். சீர்த்தட்டெல்லாம் டிக்கியில் இருந்தது. பானட்டைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வண்டி எவ்வளவு தூரம் ஓடியதோ தெரியவில்லை. சூடு காட்டும் முள் ஒரு மாதமாகவே அசையவில்லை. அதை மாற்ற வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அடுத்த வாடகை வரட்டும், அடுத்த வாடகை வரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தான்.

பெருந்துறைப் பக்கம் போன ஒரு வேனை மறித்து, சீர்த்தட்டோடு அவர்களை ஏற்றிவிட்டான். பெரியவர் ஒருவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை, வாடகையும் தரவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒரு லாரிக்காரன் கயிறு கட்டிக் கோயமுத்தூருக்கு இழுத்துவர ஒப்புக்கொண்டான். லாரியின் பின்பக்கத்தையே பார்த்தபடி, ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கிருபாசங்கர் அவினாசி சாலை முழுக்க வந்தான்.

நான்கு வருடத்துக்கு முன்பு அதே கார் அவன் சொந்த உபயோகத்துக்கு இருந்தது. கோயமுத்தூர் கணபதியில் அவனுக்கு அப்பா தொடங்கிய ஒரு சின்ன ஃபவுண்டரி. மோட்டார் பம்புக்கு வேண்டிய வார்ப்புகளை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பெரும்பாதி சரக்கை வாங்கிய கம்பெனி பில்லுக்குப் பணம் தராமலேயே கதவைச் சாத்தியது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஷெட்டை பாங்க் ஏலம் விட்டது. கோபிச்செட்டிபாளையத்தில் அப்பா விட்டுப்போன வாழைக்காடு, ஃபவுண்டரிக்கு இரும்புக் கட்டிகளைக் கடனுக்குக் கொடுத்த சுந்தரராஜுலுவின் கணக்கை அடைக்கப் போனது. மிஞ்சியது கார் ஒன்று. அதை டாக்சி பெர்மிட்டுக்கு மாற்றி, தானே ஓட்ட ஆரம்பித்தான். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அன்றிலிருந்து அவனைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள்.

வெளிக் கடன் ஒவ்வொன்றாக அடைந்த பிறகு, ஃபவுண்டரியில் வேலை செய்தவர்களுக்குத் தரவேண்டிய பாக்கி நின்றது. அதிலும் மற்ற எல்லோருக்கும் கொடுத்து முடித்து, மோல்டர் மாசாணம் ஒருவர்தான் மிச்சம். அவன் அப்பா காலத்திலிருந்து மண்ணில் அச்சுப் பிடித்தவர் அவர். சர்வீஸ் அதிகம், ஆகவே தொகையும் அதிகம். முதலில் சின்னப் பசங்களுக்குக் கொடுத்துவிடுங்கள், எனக்குக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் அவர்தான். மூன்று தவணையாகத் தருவதாகப் பேச்சு. முதல் தவணைக்கான எட்டாயிரம் ரூபாய், கார் நின்ற அன்று வீட்டு பீரோவில் தயாராக இருந்தது.

உக்கடத்தில் அப்துல் கையூமின் பட்டறையில் இன்ஜினை இறக்கினார்கள். சிலிண்டர் ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே முடிபோல ஒரு கோடு ஓடியது. கிருபாசங்கர் அதன்மேல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தான். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருந்தது, பிஸ்டன்களில் ஒன்று உரசியிருந்தது. எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குக் குறையாது என்றார் கையூம். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"விரிசலுக்கு வெல்டு வெச்சு, அப்படியே பூட்டிரலாமுங்க. ரெண்டாயிரத்துல முடியும். வண்டி ஓடும். எத்தன நாளைக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

கிருபாசங்கர் கேட்கவில்லை. வார்ப்பிரும்பை உருக்கி ஊற்றியே பாதி வயதைக் கழித்தவன் அவன். ஒட்டுப்போட்ட ஹெட் சூடேறிச் சூடேறி எங்கே விட்டுக்கொடுக்கும், அப்போது வண்டியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடிந்தது. பிரித்தது பிரித்தபடி இருக்கட்டும், இரண்டு நாளில் வந்து சொல்கிறேன் என்றான்.

வீட்டில் அவன் மனைவி செல்வநாயகி, பீரோவில் இருக்கும் பணத்தைப் போட்டு வேலையை ஆரம்பிக்கச் சொன்னாள். மீதியைக் கையூம் பாயிடம் மெல்லக் கொடுத்துக்கொள்ளலாம், வண்டி ஓடினால்தானே யாருக்கும் எதுவும் தரமுடியும் என்பது அவள் வாதம். அவனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் மாசாணத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் துடியலூர் போனான். மாசாணம் இப்போது சின்னவேடம்பட்டியில் வேறொரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தார். சிமென்ட் ஷீட் போட்ட இரண்டு அறை வீடு. அவர் மனைவி பழனியாத்தாள் வாசலில் நாற்காலி போட்டு, டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் நடந்ததை எல்லாம் சொன்னான். ஹெட், போர், பிஸ்டன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். மாசாணத்துக்கு அதெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

"ஏனுங் மொதலாளி, மத்தவங்களுக்கு மொதல்ல குடுங்கன்னு சொன்னது நாந்தானுங்க. அப்ப எனக்கு அவசரமில்லீங்க. இப்ப இருக்குது. பெரிய புள்ளைக்கு நர்சிங் ஸ்கூல்ல சீட்டு கெடச்சிருக்குது. இந்த மாசத்துக்குள்ள பணங் கட்டியாகணும்."

"ஒரு ரெண்டு மாசம் பொறுத்தீங்கன்னா, நான் எப்படியாவது..."

"முடியாதுங்க." அவர் குரல் உயரவில்லை. "உங்க வண்டி ரெண்டு மாசம் நின்னாலும் அப்பறம் ஓடும். என்ற புள்ள ஒரு வருசம் ஊட்டுல நின்னுபோட்டா, அப்பறம் மில்லுக்குத்தான் போவா. நீங்க தாரேன்னு சொன்னத நம்பித்தான் அப்ளிகேசன் போட்டமுங்க."

உள்ளே அவருடைய மூத்த மகள் அன்புக்கரசி எதையோ அடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு நின்றுபோனது. கிருபாசங்கர் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தான்.

திரும்பி வருகையில் முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. தனக்குக் கீழே வேலை செய்தவர் தன்னிடம் 'முடியாது' என்று சொல்லி அவன் கேட்டதில்லை. கவுண்டம்பாளையம் வரை அந்தக் கோபம் இருந்தது. அதற்குப் பிறகு அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் கேட்டது அவருடைய கூலி. வேறெப்படி யோசித்தாலும் கணக்கு அங்கேயே வந்து நின்றது.

வீட்டில் அவன் நடந்ததைச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த செல்வநாயகி வேறொன்றைக் கேட்டாள்.

"மாசாணத்துகிட்ட நீங்க எப்ப இருந்துங்க 'ங்க' போட்டுப் பேசறீங்க?"

அவன் யோசித்துப் பார்த்தான். தெரியவில்லை.

மறுநாள் பீரோவைத் திறந்து பணத்தை எடுத்துக்கொண்டுபோய் மாசாணத்திடம் கொடுத்துவிட்டு வந்தான். அதற்கு மறுநாள் காந்திபுரத்தில் பங்காருவின் டிராவல்ஸுக்குப் போய் வேலை கேட்டான். பங்காருவிடம் கார்களும் வேன்களுமாகப் பத்துக்கு மேல் ஓடின. டாக்சி ஸ்டாண்டில் கிருபாசங்கரைப் பார்த்துப் பழகியவர். மாதச் சம்பளம், வெளியூர் போனால் பேட்டா, வெள்ளைச் சட்டை கட்டாயம் என்றார். சட்டையைத் தானே தைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொன்னார்.

அப்படியாக ஆனி போய் ஆடி வந்தது. குதிரையும் மாடும் விற்கும் அந்தியூர்ச் சந்தைக்குக் கூட்டம் சேரும் நாட்களில், மில்காரர் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் குதிரை பார்க்க வேண்டும் என்று கான்டெசா கார் கேட்டார்கள். பங்காரு அவனை அனுப்பினார். சந்தைக்கு வெளியே புளியமரத்தடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிருபாசங்கரும் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து பாதி சாப்பிட்டிருப்பான். எதிரே வேட்டி ஒன்று வந்து நின்றது. நிமிர்ந்தால் தாய்மாமன் செங்கோடன். கோபிப் பக்கம் அவருக்கு நெல்லும் வாழையுமாக நல்ல பூமி. வருடா வருடம் சந்தைக்கு மாடு பார்க்க வருகிறவர். அவர் இருப்பார் என்று அவனுக்குத் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

அவர் அவனைத் தனியே கூட்டிப்போனார். கான்டெசா யாருடையது என்று கேட்டார். சொன்னான். அவனுடைய கார் என்னவாயிற்று என்று கேட்டார். அதையும் சொன்னான். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது.

"மாப்ள, சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுனே, சரி, தொழிலுன்னு நெனச்சுட்டேன். அடுத்தவன் வண்டிக்கு டிரைவரா மரத்தடியில உக்காந்து சோறு திங்கறது நம்ம வழக்கமில்ல. ரிப்பேருக்கு வேண்டிய பணத்த நான் தாரேன். வட்டியுமில்ல, கெடுவுமில்ல. ஆனா இந்த வேலைய இன்னைக்கே உட்டுப்போடோணும்."

பணம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் மடியில் மாட்டுக்கென்று கொண்டுவந்த நோட்டுக்கட்டு துருத்திக்கொண்டு தெரிந்தது. கிருபாசங்கருக்கு இடது கையைத் தொங்கவிடுவதா மடக்கிக்கொள்வதா என்று தெரியவில்லை. வலது கை எச்சிலாக இருந்தது.

"வேண்டாமுங்க மாமா. கடனெல்லாம் ஒண்ணொண்ணா அடச்சுப்போட்டு இப்ப ஒருத்தர்கிட்ட வந்து நிக்குதுங்க. இன்னொன்ன ஆரம்பிச்சா மறுக்கா முடிக்க எனக்குத் தெம்பு இல்லீங்க."

"நானும் சுந்தரராஜுலுவும் ஒண்ணாடா உனக்கு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.

இதைக் கேட்ட செல்வநாயகி இரண்டு நாள் அவனுடன் பேசவில்லை. மாமா கடன் என்று சொன்னாரா, தருகிறேன் என்றுதானே சொன்னார் என்று மூன்றாம் நாள் கேட்டாள். ஆவணியில் செங்கோடன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார், பத்திரிகை வரவில்லை. கிருபாசங்கருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. செல்வநாயகிக்குத்தான் தெரிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக் காரியம் எதற்கும் அவள் போகாமல் இருந்ததில்லை. அவள் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால் காய்ச்சிய அன்று காலையிலிருந்து மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

கார், கையூம் பட்டறையின் பின்சுவரோரம் நின்றது. இடத்தை அடைக்கிறது என்று கையூம் இரண்டு தரம் சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. முதல் மாதச் சம்பளத்தில் ஹெட் வாங்கினார்கள். புதிது இல்லை, ஆனால் விரிசல் இல்லாதது. கிருபாசங்கரே பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, தட்டித் தட்டிச் சத்தம் பார்த்து எடுத்தான். அடுத்த மாதம் போர் வேலை. அதற்கடுத்து பிஸ்டன் செட். பேட்டா பணமும் செல்வநாயகி தைத்த பணமும் ஹோஸ், கேஸ்கட், சூடு காட்டும் மீட்டர் என்று சில்லறைச் சாமான்களுக்குப் போயின. ஒரு புரோக்கர் வந்து, இருக்கிற நிலையில் வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு விலை கேட்டான். அந்த விலைக்கு நாலு டயர்தான் பெறும் என்று கையூமே அவனை அனுப்பிவிட்டார்.

புரட்டாசிக் கடைசியில் இன்ஜின் ஓடியது. பங்காரு கணக்கை முடித்துக் கொடுத்து, வண்டி குறையும் நாளில் உன் காரையே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

புதிதாகப் போர் போட்ட இன்ஜினைக் கொஞ்ச நாளைக்கு விரட்டக்கூடாது. நாற்பதைத் தாண்டாமல், பாரம் ஏற்றாமல் ஓட்டிப் பழக்க வேண்டும். அந்த ஓட்டத்துக்கு எங்கேயாவது போகவேண்டும் என்றபோது, கோபிக்குப் போகலாம் என்றாள் செல்வநாயகி. அழைக்காத வீட்டுக்கு என்னவென்று போவது என்றான். பால் காய்ச்சி மாதமாகிவிட்டது, இப்போது போனால் பார்க்க வந்தவர்கள், அவ்வளவுதான் என்றாள்.

வழி முழுக்க எல்லா வண்டியும் அவர்களை முந்திக்கொண்டு போயிற்று. டவுன் பஸ் முந்தியது, வைக்கோல் ஏற்றிய டெம்போ முந்தியது. நம்பியூர் தாண்டி ஒரு மொபெட்காரன் முந்தும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தான். செல்வநாயகியும் சிரித்தாள். கிருபாசங்கர் மீட்டர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

செங்கோடன் வாசலுக்கு வந்தார். வாங்க என்றார் செல்வநாயகியைப் பார்த்து. பிறகு காரைச் சுற்றி வந்து, பானட்டைத் திறக்கச் சொல்லி, இன்ஜினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். சந்தையில் நடந்ததைப் பற்றியோ பத்திரிகை வராததைப் பற்றியோ யாரும் பேசவில்லை. சாப்பிட்டார்கள். அத்தை வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கிளம்பும்போது டிக்கியில் இரண்டு வாழைத்தார் கிடந்தன. பாரம் ஏற்றக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தவனைச் செல்வநாயகி பார்த்த பார்வையில் அவன் டிக்கியை மூடிவிட்டான்.

இரண்டாம் தவணை தீபாவளிக்குப் போகவேண்டியது, கார்த்திகையில்தான் போனது. கடைசித் தவணையைத் தை பிறந்து சில நாளில் எடுத்துக்கொண்டு துடியலூர் போனான். மாசாணத்திடம் என்ன சொல்வது என்று வழியில் யோசித்து வைத்திருந்தான். தாமதமானதற்கு இரண்டு வார்த்தை, அன்றைக்கு அவகாசம் கேட்கப் போனதற்கு இரண்டு வார்த்தை. ஆனால் மாசாணம் வீட்டில் இல்லை. மகளை விடுதியில் பார்த்துவிட்டு வர மதுரைக்குப் போயிருந்தார். பழனியாத்தாள் பணத்தை வாங்கிக்கொண்டு, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"இதோட முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க."

"வந்தா சொல்றனுங்க. டீ வெக்கட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். வண்டியைக் கிளப்பி மெயின் ரோட்டுக்கு வந்தபோது, பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு குடும்பம் கை காட்டியது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல், பெரியாஸ்பத்திரி போகவேண்டும் என்றார்கள். வாடகை எவ்வளவு என்று கேட்டார்கள். ஏறுங்க, போயிட்டுப் பேசிக்கலாமுங்க என்று பின் கதவைத் திறந்துவிட்டான்.