வரமாட்டேன் என்று சொல்ல வரவேண்டும்

சந்திரவல்லிக்குக் கோபம் வந்தால் ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளைகளே ஒளிய இடம் தேடுவார்கள். பல வருசமாக விடியற்காலையில் போடியில் பெண்களைத் திரட்டி, ஜீப்பில் ஏற்றி, மலைக்குக் காய் எடுக்கக் கூட்டிப்போகிறவள் அவள். அப்பேர்ப்பட்ட வாய், வியாழக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு செல்போனிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

"உங்க உணர்வை முழுசாப் புரிஞ்சுக்கிறோம் மேடம்," என்றாள் விமானக் கம்பெனிக்காரி.

"என்னத்தப் புரிஞ்சே? சொல்லு பாப்போம்."

"உங்க மகன் பாண்டியராஜ் நாளைக்கு மதுரையில இருந்து துபாய் போறதை வர்ற புதன்கிழமைக்கு மாத்தணும்."

"ஆமா. மருமகளுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். அவன் இங்க இருக்கணும்."

"ஆனா அவரு செக்-இன் பண்ணிட்டாரு மேடம். செக்-இன் பண்ணின டிக்கெட்ல தேதி மாத்த முடியாது."

"சரி, பண்ணினத ரத்துப் பண்ணு."

"அதுக்குப் பயணி நேர்ல ஏர்போர்ட்டுக்கு வந்து எங்க கவுண்டர்ல சொல்லணும்."

சந்திரவல்லி போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"ஏம்மா, வரமாட்டேன்னு சொல்றதுக்கு அவன் வரணுமா?"

"ஆமா மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இதுவரைக்கும் நீ பண்ணினதே போதும் தாயி!" என்று கத்தினாள் சந்திரவல்லி. எதிர் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஆள் பதறி எழுந்து உட்கார்ந்தார்.

அவள் கொதிப்பில் நியாயம் இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் தேவிக்குத் தலைப்பிள்ளை இறந்தே பிறந்தது. பாண்டியராஜ் துபாயில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தான். அப்போதும் கையில் ஒரு டிக்கெட் இருந்தது. தேதி மாற்ற முடியாத டிக்கெட். அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது. பிள்ளை முகத்தைத் தகப்பன் பார்க்கவில்லை. தேவி அதன்பிறகு பல மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை லீவில் வருவதற்கு முன்பே சந்திரவல்லி கறாராகச் சொல்லிவிட்டாள். "கூடக் குடுத்தாலும் பரவாயில்ல. எப்ப வேணும்னாலும் தேதி மாத்திக்கிற டிக்கெட்டா எடு." போடி பஸ்டாண்டு பக்கம் டிக்கெட் கடை வைத்திருக்கும் பிரேம்சிங் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தான். விமானம் கிளம்புகிற வரைக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று அடித்துச் சொன்னான். செக்-இன் என்ற பேச்சு அப்போது வரவே இல்லை.

பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் ஆகும் என்றார் டாக்டர். அதுவரை லீவு இல்லை. சரி, விதி என்று வெள்ளிக்கிழமை கிளம்பத் துணிந்தான் பாண்டியராஜ். ஆனால் வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், துபாயும் மேற்கேதான். அப்படி ஆகாத நாளில் கிளம்ப வேண்டியிருந்தால், முதல்நாளே நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை எடுத்துப்போய் வேறொரு வீட்டில் வைத்துவிடுவது வழக்கம். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. சூலம் ஒன்றும் செய்யாது.

வியாழக்கிழமை காலையில் சந்திரவல்லி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரேம்சிங் கடைக்கே போய்விட்டாள்.

"பெட்டிய ஏங்க்கா சொமக்குறீங்க?" என்றான் பிரேம்சிங். சர்ச்சுக்குப் போகிறவன்தான், ஆனால் வாடிக்கையாளரின் பஞ்சாங்கம் அவனுக்கு அத்துப்படி. "இப்பல்லாம் நம்மாளுக நல்ல நேரத்துல செக்-இன் போட்டுருவாக. சீட்டு நம்பர் வந்துருச்சுன்னா பயணம் ஆரம்பிச்ச மாதிரிதானே?"

சந்திரவல்லிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. சன்னலோரமாகவே போடச் சொன்னாள். சூலத்துக்குப் பரிகாரமாகக் கையில் கொண்டுபோன வெல்லத்தில் அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தாள்.

அன்று மத்தியானமே தேவிக்குப் பனிக்குடம் உடைந்தது. காலையில் பத்து மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். துபாய் சூப்பர்வைசர் மனசு இரங்கி, மாற்றின டிக்கெட்டை அனுப்பினால் புதன்வரை லீவு தருவதாகச் சொன்னார். அனுப்பாவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள். எல்லாம் கூடிவந்த இடத்தில்தான் இந்தச் செக்-இன் குறுக்கே விழுந்தது.

கம்பெனிக்காரி போனை வைத்ததும் சந்திரவல்லி தேவி இருந்த அறைக்குள் போனாள். விசயத்தைக் கேட்டுவிட்டுப் பாண்டியராஜ் சொன்னான். "நான் காலையில மதுரை போயி அந்தச் செக்-இன்ன எடுத்துட்டு வந்துர்றேன்த்தா."

"அந்நேரம் ஆபரேஷன்டா."

"வேலை போச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு எதக் குடுப்பே?"

தேவி கட்டிலில் கிடந்தாள். அவள் கை அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. சந்திரவல்லி அந்தக் கையைப் பார்த்தாள். போன தடவை அந்தக் கை வெறும் துணியைப் பிடித்திருந்ததும் அவளுக்கு நினைவு வந்தது.

"நீ இங்கேயே இரு. நான் போறேன்," என்றாள்.

"ஒன்னைய உள்ளேயே விடமாட்டாங்க."

"எப்படி விடாம இருக்கான்னு பாக்குறேன்."

வெள்ளிக்கிழமை முதல் பஸ்சில் ஏறினாள். பையில் மகனுடைய பாஸ்போர்ட், டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இருந்தன. வழி நெடுக மனசு பொருமியது. நல்ல நேரம் பார்த்தது என் தப்பு என்றே வைத்துக்கொள். அந்தச் சூலத்துக்கே வெல்லத்தைத் தின்றுவிட்டுக் கிளம்பலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்களே! கிரகத்துக்கே பரிகாரம் இருக்கிறது. காசு வாங்கின கம்பெனிக்கு இல்லையா? எங்கள் ஜீப்பில் ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால், 'வரலைக்கா' என்று தெருவிலிருந்து கை காட்டினால் போதும். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, 'நான் ஏறவில்லை' என்று சொல்லிவிட்டு இறங்கு என்று எந்தக் கிறுக்கனாவது கேட்பானா?

விமான நிலைய வாசலில் துப்பாக்கி வைத்திருந்த காவலர் மறித்தார். டிக்கெட்டில் இருக்கிற ஆளுக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. அவர் பேசின தமிழிலேயே அவர் மலையாளி என்று கண்டுகொண்டாள் சந்திரவல்லி. எஸ்டேட்டில் பழகின மலையாளம் தானாக வாயில் வந்தது.

"மோனே, என்றெ மருமகள் ஆஸ்பத்திரியிலாணு. ஒரு காரியம் பறயட்டே."

அவர் முழுக்கக் கேட்டார். "உள்ளே விடான் பற்றில்ல அம்மே," என்று வருத்தத்தோடு கையை விரித்தார். ஆனாலும் கம்பெனி கவுண்டருக்கு ஆள்விட்டுச் சொன்னார். பதில் உடனே வந்தது. பயணி நேரில் வரவேண்டும்.

சந்திரவல்லி நகரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தள்ளுவண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றாள். பத்து மணி தாண்டியது. போன் அடித்தது. எடுத்தால் பேச்சு இல்லை, அழுகைச் சத்தம். சின்ன அழுகை ஒன்று, பெரிய அழுகை ஒன்று.

"பொம்பளப்பிள்ளைத்தா," என்றான் பாண்டியராஜ். "நல்லா இருக்கு. தேவியும் நல்லா இருக்கா. என் கையிலதான் குடுத்தாக."

சந்திரவல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விசும்பினாள். ஆயிரம் பேருக்கு முன்னால் நின்று எத்தனை ஜீப்புக்காரனை ஏசியிருக்கிறாள். இப்படி நின்று அழுததில்லை.

கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் கதவு திறந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். அட்டையில் முத்துக்கிருஷ்ணன் என்று போட்டிருந்தது.

"பாண்டியராஜுக்கு வந்தவங்க நீங்கதானே? எங்கம்மா அவரு? கவுண்டர் மூடப்போறோம். வர்றாரா இல்லையா?"

"வரலை."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் கையிலிருந்த கருவியில் பேசினார். "சீட் பன்னெண்டு ஏ, பாண்டியராஜ். ஆள் வரலை, எடுத்துடு." உள்ளேயிருந்து ஒரு குரல் 'எடுத்தாச்சு' என்றது. அவர் திரும்பி நடந்தார்.

"நில்லுய்யா!"

அந்தச் சத்தம் மலையில் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் கேட்கிற சத்தம். முத்துக்கிருஷ்ணன் நின்றார். பெட்டியோடு வரிசையில் நின்றவர்களும் திரும்பினார்கள்.

"இப்ப என்ன பண்ணினே?"

"பேரை எடுத்தேன்மா."

"அவன் வந்தானா? நேர்ல சொன்னானா? ஒன் சோலி முடியணும்னா நான் சொன்னாப் போதும். என் சோலின்னா பயணி வரணுமோ? நேத்து சாயங்காலத்துல இருந்து இதத்தானய்யா கெஞ்சிக்கிட்டு இருக்கோம்!"

"அது ரூல்ஸ்மா..."

"சரி, ரூல்ஸுக்கே வா. செக்-இன் எடுத்தாச்சு. விமானம் கிளம்பிருச்சா?"

"இன்னும் இல்ல."

"கிளம்புற வரைக்கும் மாத்தலாம்னுதானே கூடக் காசு வாங்கினீக? இப்ப மாத்து. புதன்கிழமை."

"கஸ்டமர் கேருக்கு..."

"அவ என் உணர்வப் புரிஞ்சுக்கிட்டா. அதோட சரி. நீ மாத்து."

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "அந்தம்மா கேக்குறது நியாயம்தானே சார்?" என்றார். காவலர் வேறு பக்கம் பார்ப்பதுபோல நின்றார், ஆனால் காது இங்கேதான் இருந்தது. முத்துக்கிருஷ்ணன் நெற்றியைத் தடவினார். அவள் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கினார். தன் செல்போனில் எதையோ திறந்தார், இரண்டு தட்டு தட்டினார், தேதி ஒன்றைத் தொட்டார்.

டிக்கெட்டில் நம்பர் கொடுத்திருந்த சந்திரவல்லியின் போனில் மணி அடித்தது. பாண்டியராஜ், மதுரை – துபாய், புதன்கிழமை. அதை அப்படியே மகனுக்கு அனுப்பினாள்.

முத்துக்கிருஷ்ணனுக்கு இப்போது முகம் கொஞ்சம் தெளிந்தது. நல்லது செய்த திருப்தி. "அவ்வளவுதாம்மா. முடிஞ்சது. சந்தோஷமா?" என்றார் சிரித்துக்கொண்டே.

சந்திரவல்லி பையைத் தோளில் மாட்டினாள்.

"ரெண்டு தட்டு தட்டுற வேலை. அவ்வளவுதானேய்யா?" என்றாள். குரல் தணிந்திருந்தது. "தலைப்பிள்ளைய என் மகன் பாக்கல. இந்தப் பிள்ளை பிறக்குறப்ப நான் அங்க இல்ல. அது மொதல்ல அழுதத இந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்னு போன்ல கேட்டேன். நீ என்னடான்னா சந்தோஷமான்னு கேக்குறே."

அவர் பதில் சொல்வதற்குக் காத்திருக்காமல், போடிக்குப் பஸ் பிடிக்க நடந்தாள்.