ஐந்து சாறியும் ஒரு முதுகும்

டென்மார்க்கில் வேர்க்குருவா என்று சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சிரிக்கிறவர்கள் யூலை மாதத்தில் ஒருநாள் ஸ்கீவவில் நான் வேலை செய்கிற வயோதிபர் இல்லத்துக்கு வந்து பார்க்கட்டும். குளிர் உள்ளே வரக்கூடாது என்று கட்டிய கட்டடம். வெக்கை வந்தால் வெளியே போக வழியில்லை. படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்களின் முதுகிலும் கழுத்து மடிப்பிலும் கடுகு கொட்டின மாதிரிச் சிவப்பாய்க் கிளம்பும். வியர்வை வெளியே வருகிற துவாரம் அடைபட்டு, தோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது, அவ்வளவுதான். இறுக்கமானதைக் கழற்று, குளிர்ந்த தண்ணீரால் ஒற்று, காற்றுப் படவிடு. பசைக் கிறீம் பூசாதே, பவுடரை அள்ளிக் கொட்டாதே, சொறியவிடாதே. இரண்டு மூன்று நாளில் தானாய் அடங்கும். புதிதாய் வேலைக்கு வருகிற பெட்டைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். பதினேழு வருசமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த நான் என் மகள் சாருஜாவுக்குச் செய்ததைச் சொல்லப்போகிறேன். அவள் இனி என்னை நம்புவாளோ தெரியாது. வேறொருத்தி இதைச் செய்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன்.

பிள்ளை பெரியவளானது போன மார்கழியில். சாமத்தியவீட்டை யூலையில் வைத்தோம். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் சனம் வரவேண்டுமே. பன்னிரண்டு வயது. இதெல்லாம் வேண்டாம், வகுப்புப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்லுவது என்று டேனிஷில் அரற்றினாள். நான் காது கொடுக்கவில்லை. என் கணவர் சுகந்தன், ஏதாவது செய் என்று ஒதுங்கிக்கொண்டார். அவருடைய தமக்கை லண்டனில் தன் மகளுக்கு நாலு சாறி மாற்றினாள். அதனால் என் மகளுக்கு ஐந்து. வேறு நியாயம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது சொல்ல வெட்கமாயிருக்கிறது.

விழாவுக்கு நாலு நாளைக்கு முதல் கமராக்காரர் வந்தார். பட்டுச் சாறியைச் சுற்றி, ஒட்டுமுடி வைத்து, ஃபியோர்ட் என்கிற கடலேரிக் கரையில் மத்தியான வெயிலுக்குள் மூன்று மணித்தியாலம் பிள்ளையை நிற்கவைத்துப் படம் எடுத்தார். அன்று முப்பத்தொரு பாகை வெக்கை. மறுநாள் காலை, முதுகு முள்ளாய்க் குத்துகிறது என்று வந்து நின்றாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்து, தோள், அக்குள், முதுகு முழுக்க வேர்க்குரு. பருத்திச் சட்டையோடு சும்மா விட்டால் விழாவுக்குள் அடங்கியிருக்கும். எங்கே விட்டேன்? அன்று பின்னேரம் பிளவுஸ் அளவு பார்க்கவேண்டும். அடுத்தநாள் வந்திறங்கின சனத்துக்கு முன்னால் பட்டுப்பாவாடை. அதற்கடுத்தநாள் மேக்கப் ஒத்திகை.

மேக்கப் செய்ய எஸ்பியர்க்கிலிருந்து வந்த தமிழ்ப்பெட்டை எமிலியா, பிள்ளையின் முதுகைக் கண்டதும் கையை எடுத்துவிட்டாள். இதற்கு மேல் பூசினால் இன்னும் கூடும் அக்கா என்று மெல்லமாய்ச் சொன்னாள். எனக்கே பாடம் எடுக்கிறாளோ என்று கோபம் வந்தது. பட அல்பத்தில் அந்தச் சிவப்பு விழுந்தால் லண்டன் மச்சாள் என்ன கதைப்பாள் என்பதுதான் என் தலைக்குள் நின்றது. தடிப்பாய்ப் பூசச் சொன்னேன். விழாவன்று காலையிலும் அப்படியே பூசுவித்தேன்.

முதல் சாறியைக் கையில் எடுத்தபோது சாருஜா என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, ஒரு சாறி மட்டும் கட்டுறன். மற்றது ஒண்டும் வேண்டாம். பிளீஸ்."

வீட்டில் நான் தமிழில் எதைக் கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை. எனக்கு வடிவாய் விளங்கட்டும் என்று தமிழில் கேட்டாள்.

"ஒரு நாள்தானே பிள்ளை. பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு" என்றேன்.

விபோர்க்கில் வாடகைக்கு எடுத்த ஹோலுக்குள் இருநூற்றைம்பது சனம். கமரா வெளிச்சம் வேறு. காற்றுக்குக் குத்துவிளக்கு நூர்ந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்துவித்ததும் நான்தான். மூன்றாவது சாறியோடு பிள்ளையைக் காணவில்லை. தேடிப்போனேன். கழிப்பறைக்குள், பிளவுஸைப் பின்பக்கம் திறந்துவிட்டு, வெற்று முதுகைக் குளிர்ந்த மாபிள் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றாள். பூசின நிறம் சுவரெல்லாம் அப்பியிருந்தது. என்னைக் கண்டதும் அவளுடைய முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. அம்மா வந்திட்டா, இனிக் கழற்றிவிடுவா என்று நினைத்திருக்கவேண்டும்.

வேலையிடத்தில் ஒரு டேனிஷ் கிழவியை அப்படிக் கண்டிருந்தால் ஈரத்துணிக்கு ஓடியிருப்பேன். என் பிள்ளையைத் திருப்பி நிறுத்தி, கொக்கிகளை ஒவ்வொன்றாய்ப் போட்டேன். கடைசிக் கொக்கி எட்டவில்லை. மூச்சை உள்ளே இழு என்றேன். இழுத்தாள். இன்னும் இரண்டு சாறி மிச்சமிருந்தது.

படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. மச்சாளும் வாய் திறக்கவில்லை. அந்தச் சந்தோசம் எனக்கு நிலைக்கவில்லை. விழா முடிந்து மூன்றாம் நாள் சொறிந்த இடமெல்லாம் சீழ் பிடித்து, காய்ச்சலும் வந்து, பிள்ளையை டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்ரர் ஒரு இளம் பெண். வேர்க்குரு, வெக்கை, விழா, கிருமி தொற்றியிருக்கவேண்டும் என்று வேலையிடத்தில் பழகின டேனிஷில் ஒழுங்காய் விளக்கினேன். பராமரிப்பு வேலையிலா இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஓம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அப்படியென்றால் தொடக்கத்திலேயே தெரிந்திருக்குமே என்றாள். சும்மா கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். எனக்கு முகம் எரிந்தது.

பிறகு சாருஜாவிடம் திரும்பி, சட்டையைக் கழற்றி முதுகைப் பார்க்கவேண்டும், அம்மா பக்கத்தில் இருக்கட்டுமா என்று கேட்டாள். ஊசி என்றால் என் கையை நசுக்கிப் பிழிகிற பிள்ளை. நான் கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்தேன்.

வேண்டாம் என்றாள் சாருஜா. என் பக்கம் பார்க்கவேயில்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாசலைத் தாண்டும்போது டொக்ரரின் குரல் கேட்டது. இவ்வளவு நோவை எப்படித் தாங்கினாய், ஒருத்தருக்கும் சொல்லவில்லையா என்று கேட்டாள்.

"சொன்னேன்" என்றாள் என் மகள், டேனிஷில். "அம்மாவுக்குச் சொன்னேன்."

மிச்சத்தைக் கேட்கத் தைரியம் வரவில்லை. கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.