மோட்டாருக்கு ஓர் உறை

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. ஃப்ரிட்ஜுக்கு உண்டு, மிக்ஸிக்கு உண்டு, வாஷிங் மெஷினுக்கு உண்டு, டிவி ரிமோட்டுக்குக்கூட ஒரு பிளாஸ்டிக் சட்டை உண்டு. எல்லாம் நான் தைத்தவை. கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். பவானிபூர் தூசியில் இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திப் பார்த்துவிட்டு அப்புறம் வந்து பேசட்டும்.

என் வீட்டுக்காரர் ரங்கராஜன் துறைமுகத்தில் ஆபீஸராக இருந்தார். மாற்றலாகி வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டோம். அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. இப்போது வீட்டில் நானும் மகன் ரோஹித்தும்தான். பகல் முழுக்க மீன்காரி தொடங்கிப் பக்கத்து ஃப்ளாட் ரஞ்சனா பௌதி (அண்ணியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வரை எல்லோரிடமும் வங்காளியில்தான் பேச்சு. தமிழ் பேச வேண்டுமென்றால் ரோஹித் ஆபீஸிலிருந்து வர வேண்டும். அவனும் பாதிக்குப் பாதி வங்காளியில் பதில் சொல்வான். இருந்தாலும் எனக்கு அது போதும்.

அவனுக்கு எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு பைத்தியம். நாலு சக்கரம் வைத்த பலகை, அவ்வளவுதான். அடியில் பின்சக்கரங்களை ஒட்டி இரண்டு மோட்டார். தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் அவை தொங்குவதால் கல் தெறித்து அடிக்கும், சேறு ஏறும். சரியென்று மூடி வைத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் மோட்டார் நின்றுவிடும். ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒவ்வொரு மோட்டாருக்கும் அலுமினியத்தில் ஒரு கூண்டு செய்தான். முன்பக்கம் சாய்வாகக் கீறல் கீறலாக இருக்கும். கல் உள்ளே போகாது, காற்று போகும். ஓட ஓட அந்தக் காற்றே மோட்டாரை ஆற்றிவிடும்.

கூண்டைக் காட்டிய அன்று நான் கேட்டேன். "மழைத் தண்ணி போகாதாடா? ரெக்ஸின்ல ஒரு கவர் தச்சுத் தரட்டுமா?"

"மூடினா போச்சு மா. காத்து போகணும். அதுக்குத்தானே இவ்வளவு பாடு?"

எனக்குப் புரியவில்லையோ என்று வங்காளியிலும் ஒருமுறை சொன்னான். நன்றாகவே புரிந்தது. ஆனாலும் தைத்தேன். கறுப்பு ரெக்ஸினில், ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து, கூண்டுக்கு ஒன்றாக இரண்டு. எனக்குக் கை சும்மா இருக்காது. தைத்து அலமாரியில் போட்டு வைத்தேன்.

செப்டம்பரில் ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தான். பெங்களூரில் இந்தப் பலகைகளைச் செய்கிற கம்பெனியிலிருந்து மாதவ் என்று ஓர் எஞ்சினியர் ஒரு வார வேலையாக வந்திருக்கிறாராம். ஞாயிறு காலை, அலிப்பூரில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு தெருவில் பதினைந்து சுற்று நிற்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும். மோட்டார் சூடேறி நிற்காவிட்டால் அவனுக்கு வேலை. பெங்களூரில்.

"நீயும் வந்துடு மா," என்றான். பெரிய மனசுதான். அங்கே மூன்று பையன்களோடு ஒரே அறையில் தங்கப் போவதை அடுத்த மூச்சிலேயே சொல்லிவிட்டான்.

ஞாயிறு காலை நல்ல மழை. அவன் குளிக்கப் போயிருந்தான். பலகை பைக்குள் தயாராக இருந்தது. நான் அலமாரியைத் திறந்து உறைகளை எடுத்து இரண்டு கூண்டுக்கும் மாட்டி, பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். மழைக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவன் டாக்ஸியில் போகிறான் என்பது எனக்குத் தெரியும்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தான். சுருங்கி, விளிம்பெல்லாம் உருகி, நாற்றமடித்த உறைகளை மேஜைமேல் வைத்தான். மழை விட்டிருந்ததாம். அவசரத்தில் அடியைத் திருப்பிப் பார்க்காமல் ஏறிவிட்டானாம். ஆறாவது சுற்றில் சூடு எல்லை தாண்டி, தானாகவே நின்றுவிட்டதாம். மோட்டாருக்குச் சேதமில்லையாம்.

"மழைன்னு போட்டியா மா?"

"ஆமாண்டா. தண்ணி போயிடுமேன்னு."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி, விடு."

"அவர் என்ன சொன்னார்?"

"யார் மாட்டினதுன்னு கேட்டார். நான்தான்னு சொன்னேன். காத்துக்காகக் கூண்டு பண்ணிட்டு நீயே அதை மூடுவியான்னு சிரிச்சார். அவ்வளவுதான்."

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம். அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. பிள்ளை வீட்டோடு இருந்தான். போட்டதைச் சாப்பிட்டான். சாதம் போடட்டுமா என்றால் "போடு". போதுமா என்றால் "போதும்". மறுபடி அந்தக் கதவு. இந்த இரண்டு வார்த்தைத் தமிழுக்காகவா இத்தனையும் செய்தேன்? அவன் அப்பா போன பிறகுகூட வீடு இவ்வளவு காலியாக இருந்ததில்லை. வெட்கமாக இருந்தது, என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை அவன் ஆபீஸ் போனதும், மேஜையில் கிடந்த கார்டைப் பார்த்து மாதவுக்குப் போன் செய்தேன். இங்கிலீஷில் தடுமாறினேன். அவரே தமிழுக்கு மாறினார்.

"கவரை மாட்டினது ரோஹித் இல்லை சார். அவனோட அம்மா, நான்தான். அவனுக்குத் தெரியாது."

"மழைக்காகப் போட்டிருப்பீங்க. பரவாயில்லம்மா."

இவரும் அதே பொய்யைத்தான் எடுத்துக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொள்வது எவ்வளவு சுலபமாக இருந்தது.

"மழைக்காக இல்லை. மூடினா நின்னுடும்னு அவன் எங்கிட்ட சொல்லியிருக்கான். நிக்கட்டும்னுதான் போட்டேன். அவனும் போயிட்டா இந்த வீட்டுல எனக்குப் பேச ஆள் கிடையாது."

இதைக் கேட்டதும் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"நாளைக்குச் சாயங்காலம்தான் எனக்கு ஃப்ளைட்," என்றார். "காலைல கொண்டுவரச் சொல்றேன்."

மறுநாள் காலை ரோஹித் கிளம்பும்போது பலகையைத் தூக்கித் திருப்பி அடியைப் பார்த்தான். நான் நின்றுகொண்டிருந்தேன். என் எதிரிலேயே பார்த்தான். எனக்கு இது வேண்டியதுதான்.

பத்தரைக்குப் போன் வந்தது. "பதினஞ்சும் ஓடித்து மா. கை வெச்சுப் பார்த்தேன். வெதுவெதுன்னுதான் இருந்தது."

"சந்தோஷம்டா," என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலை அவனுக்குத்தான் என்பதும் புரிந்தது.

"நீ போன் பண்ணினதை அவர் சொன்னார். எனக்கு அன்னிக்கே தெரியும் மா."

"தெரிஞ்சும் ஏண்டா மழையான்னு கேட்டே?"

"நீயா சொல்லுவியான்னு பார்த்தேன். நீ ஆமான்னுட்டே. அப்பறம்தான் கதவைச் சாத்திண்டேன்."

இந்த ஊர்ப் பூஜைப் பண்டிகை முடிந்த வாரம் பெங்களூர் போய்விட்டான். தினமும் சாயங்காலம் பேசுகிறான், ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மற்ற நேரத்தில் ஃப்ரிட்ஜ் சத்தம்தான். அவன் கட்டிலுக்கும் மேஜைக்கும் ஒரு விரிப்பு தைத்துப் போடலாம், துணிகூட இருக்கிறது. தைக்கவில்லை. அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். தூசி வந்தால் வரட்டும்.