ஒத்திகைச் சாவு

எங்கள் முதலாளி குணாளனுக்கு உலகத்திலேயே பிடிக்காத சாமான் செட்டிங் கோப்பு. "ஒரே புரோகிராமுக்கு எதுக்கும்மா ரெண்டு செட்டிங்? ஒண்ணு போதும்லா" என்பார். சுங்கைப் பட்டாணியில், கைப்பேசிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ரூபி என்ற கணினி மொழியில் நிரல் எழுதுபவள் நான். எழுதியதைப் பற்றி ஊரெல்லாம் பேசுபவர் அவர்.

பீடோங் பக்கம் ஒரு எஸ்டேட் கோயிலுக்குச் செயலி செய்து கொடுத்திருந்தோம். உறுப்பினர் யாராவது இறந்தால் பெயரைத் தட்டினால் போதும். எல்லா உறுப்பினர் கைப்பேசிக்கும் செய்தி போகும், சாவு வீட்டில் கூடாரம் போடுகிறவருக்கும் போகும். நிரல் ஒன்றுதான், அது யாரோடு பேச வேண்டும் என்று சொல்வது செட்டிங் கோப்பு. ஒத்திகைக் கோப்பில் பொய் உறுப்பினர்கள், செய்தி எனக்கு மட்டும் வரும். நிஜக் கோப்பில் எல்லாமே நிஜம். இரண்டையும் கலக்காதீர்கள் என்று முதலாளியிடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருந்தேன்.

அந்தக் கோயிலில் அவரும் உறுப்பினர், கவனமெல்லாம் தலைவர் நாற்காலியில். அதில் பல வருஷமாக அய்யாவு அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டம், தேர்தல். செயலியைக் காட்டியே அவரை இறக்கிவிடலாம் என்பது குணாளனின் கணக்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் சாப்பிடப் போன நேரத்தில், தன் ஆதரவாளர்கள் இருவருக்கு ஒத்திகையில் செயலியை ஓட்டிக் காட்டியிருக்கிறார். செய்தி அவர்கள் கைப்பேசிக்கு வரவில்லை. எப்படி வரும்? மனுஷனுக்கு மானம் போய்விட்டது. நிஜக் கோப்பை எடுத்து ஒத்திகையில் ஒட்டிவிட்டு மறுபடியும் தட்டினார்.

செத்தவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. விளையாட்டுக்குக்கூட அதில் தன் வீட்டு ஆள் பெயரை எங்கள் சனம் போடாது. பலித்துவிடும் என்று பயம். அவரும் போடவில்லை. அய்யாவு அண்ணன் பெயரைப் போட்டார். அதோடு கை சும்மா இருந்ததா? தகவல் தருபவர் என்ற கட்டத்தில் "குணாளன், தற்காலிகத் தலைவர்" என்று தட்டினார்.

இந்த முறை செய்தி போனது. எல்லாருக்கும்.

கூடார லோரி அய்யாவு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றது. சிடாம் கிரி வரைக்கும் இருந்த உறுப்பினர்கள் மாலையோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அண்ணன் கைலியோடு வெளியே வந்து, "யாருப்பா போனது?" என்று கேட்டாராம். அன்னதானத்தில் குழம்பு தண்ணீராக இருந்தது என்று அவரை ஒரு வாரமாகத் திட்டியவர்களே, அவரைப் போல மனிதர் உண்டா என்று வாசலில் அழுதுகொண்டிருந்தார்கள். அழுத வாயால் இனி எப்படிக் குறை சொல்வது?

"சாந்தினி, உன் புரோகிராம் கோளாறுன்னு சொல்லிடுறேன்" என்றார் குணாளன்.

"தாராளமா சொல்லுங்க பாஸ். தற்காலிகத் தலைவர்னு அதுவாவே எழுதிக்கிச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை, பழியைப் போட ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டத்துக்கு இழுத்துப்போனார். மண்டபம் நிறைந்திருந்தது. "அண்ணே, அது கம்பியூட்டர் செஞ்ச தப்பு" என்று ஆரம்பித்தார்.

அய்யாவு அண்ணன் கோபப்படவில்லை. "செஞ்சிருக்கும் தம்பி. ஆனா நான் செத்தா அடுத்த தலைவர் நீதான்னு அதுக்கு யாரு சொன்னது?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், நன்றாக வாய்விட்டு. குணாளன் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"சரி, விடு. இப்ப தலைவர் பதவிக்கு ஒருத்தர் பேரை முன்மொழியணும். நீயே என் பேரைச் சொல்லிடு தம்பி. உனக்குத்தான் அது சட்டுனு வருதே."

எல்லாரும் குணாளனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரும்போது போட்டுக்கொண்டு வந்த புதுச்சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, குணாளன் எழுந்து நின்று அய்யாவு அண்ணன் பெயரை முன்மொழிந்தார்.