ஆடிய கால்

அப்பாவின் கால்கள் விலகாமல் சேர்த்துக் கட்ட, அவருடைய தையல் கடையில் மிஞ்சிய துணியைக் கிழித்துக்கொண்டிருந்தாள் மகள். தம்பி மயான வண்டியைப் பார்க்க வாசலுக்குப் போயிருந்தான்.

அந்த வலது கால் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் இல்லாத மெஷினை மிதித்துக்கொண்டே இருக்கும். "தூக்கத்துலயும் யாருக்கோ சட்டை தைக்கிறாரு, கூலிதான் வரமாட்டேங்குது" என்று அம்மா கேலி செய்வாள்.

போன வருஷம் அவருடைய மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் மருந்தும் முடிந்திருந்தன. கட்டி எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துத்தான் ஆபரேஷனை முடிவு செய்வார்கள்; செய்தால் மலம் போக வயிற்றில் பை மாட்ட வேண்டியிருக்கும். படம் எடுப்பவர் பாதியில் வெளியே வந்தார்.

"கால் ஆடிக்கிட்டே இருக்கும்மா, படம் கலங்குது. வளையல், வாட்ச் எல்லாம் கழட்டி வெச்சிட்டு உள்ள வந்து காலைப் பிடிச்சுக்கிறீங்களா? முதல்லேருந்து எடுத்துடலாம்."

அலுவலகத்திலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. "எடுத்த வரைக்கும் போதும் சார்" என்றாள்.

டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "கரைஞ்ச மாதிரிதான் தெரியுது. ஆனா தெளிவா இல்ல, இதை நம்பி எதுவும் சொல்ல முடியாது. இன்னொரு தடவை எடுத்துட்டு வாங்க."

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "ஊருக்கெல்லாம் பை தைச்சுக் குடுத்தவன், கடைசியில என் வயித்துலயே பை மாட்டிக்கணுமாம்மா?" என்று சிரித்தார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரைஞ்சிடுச்சாம்ப்பா" என்றாள்.

மிச்சத்தை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் அவர் கடையைத் திறந்துவிட்டார். சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோதெல்லாம் வருகிறோம், வருகிறோம் என்று தட்டிக்கழித்தாள். வலி திரும்பியபோது நோய் ஈரல் வரை போயிருந்தது. ஆபரேஷன் என்ற பேச்சையே டாக்டர் எடுக்கவில்லை. இரக்கம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது வெறும் கோழைத்தனம்தான் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள்.

"நீதான்டி அவரைத் தாங்குன. கரைஞ்சிடுச்சுன்னு நீ வந்து சொன்ன அன்னைக்குத்தான் மனுஷன் நிம்மதியா தூங்கினாரு. அதைக் குடுத்தியே, அது போதும்."

"அம்மா, அன்னைக்கு டாக்டர் வந்து..."

"என்னடி?"

அம்மாவின் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

"ஒண்ணுமில்லம்மா."

தம்பி எட்டிப் பார்த்தான். "வண்டி வந்தாச்சுக்கா. இன்னுமா கட்டல?"

அவள் துணியைக் கீழே வைத்தாள். வாட்சைக் கழற்றினாள். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தாள். பிறகு அப்பாவின் வலது காலை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருடா" என்றாள்.