பச்சை முகப்புக் கடிகாரம்

கண்ணாடிக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடி விற்றுப் பிழைத்தார். வாழ்ந்ததென்னவோ பேனாவுக்குக் கைக்கடிகாரம் பார்த்து முடித்துவைப்பதற்காகத்தான். கல்யாணத் தரகர்கூட அவ்வளவு பொருத்தம் பார்க்க மாட்டார். நிப்பு தங்கமென்றால் கடிகார முள்ளும் தங்கமாக இருக்கவேண்டும். மூடியில் வெள்ளி வளையமென்றால் கடிகாரக் கூட்டிலும் வெள்ளி. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்திருக்க வேண்டும். பொருந்தியவற்றை வெல்வெட் பெட்டியில் அருகருகே படுக்கவைத்து, அந்தப் பேனாவால் எழுதாமல், அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்காமல், பார்த்துக்கொண்டே இருப்பார். கடைவீதி அவருக்கு வைத்த பெயர் ஜோடி.

ஒரு பேனாவுக்கு மட்டும் வரன் அமையவில்லை. பாசிப்பச்சையில் கருங்கோடுகள் ஓடும் பழைய மைப்பேனா. அதற்கு ஏற்ற பச்சை முகப்புக் கடிகாரம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தங்கை புருஷனின் மணிக்கட்டில்.

தங்கை புருஷனுக்கு இரும்புக்கடை. கடிகாரக் கையோடு ஆணிப் பெட்டியைத் துழாவுகிற மனிதர். கீறல் கடிகாரத்தில் விழும், வலி ஜோடிக்கு எடுக்கும்.

"மாப்பிள்ளை, அதை என்கிட்ட தந்துடுங்க. பதிலுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க."

"இது விக்கிறதுக்கு இல்ல மச்சான். உங்க வாயைப் பிடுங்குறதுக்குன்னே வச்சிருக்கேன். குடுத்துட்டா அப்புறம் எதுக்கு இந்த வீட்டுக்கு வரப்போறீங்க?"

தங்கை சண்டைக்கு வருவாள். "அண்ணன் என்னைப் பார்க்கத்தான் வர்றாரு. வாட்சைப் பார்க்கறது சைடு வியாபாரம்."

ஜோடி சேராத பேனாவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவது இப்படிச் சேகரிக்கிறவர்களின் வழக்கம். எந்தக் கடிகாரம் எங்கே எதிர்ப்படும் என்று சொல்ல முடியாது; பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிறம் பிடிபடும்.

மாப்பிள்ளைக்கு நெஞ்சில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜோடி கடையைப் பூட்டிவிட்டு ஓடினார். ரத்தத்துக்கு ஆள் பிடித்தார். பட்டினி கிடந்த தங்கையை அதட்டிச் சாப்பிட வைத்தார். அதிலெல்லாம் குறையே சொல்ல முடியாது. ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது நர்ஸ் கடிகாரத்தைக் கழற்றி, பக்கத்தில் நின்ற அவர் கையில் கொடுத்தாள். தங்கை மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

கதவு மூடியது. கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாகத்தான் வைத்தார். இங்குமங்கும் நடந்தார். தாழ்வாரத்தின் கோடியில் ஒரு ஜன்னல் இருந்தது. அதில் நல்ல வெயில்.

தங்கை மருந்துப் பையோடு மேலே வந்தபோது, அண்ணன் ஜன்னலோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு உயிர் வந்தது. ஓடினாள்.

"டாக்டர் வந்தாராண்ணே? நல்லபடியா முடிஞ்சுதா?"

அவர் திரும்பினார். ஜன்னல் மேடையில் பேனாவும் கடிகாரமும் அருகருகே படுத்திருந்தன.

"அப்படியே அதே பச்சைம்மா" என்று வாய் சொல்லிவிட்டது. யாரிடம் சொன்னோம் என்பது பிறகுதான் உறைத்தது.

அவள் கடிகாரத்தை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள்.

மாப்பிள்ளை பிழைத்து வீடு திரும்பினார். உடம்பு பாதியாகியிருந்தது, வாய் முழுசாக இருந்தது. பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு, பழங்களோடு பார்க்கப் போனார் ஜோடி.

"வாங்க மச்சான். நான் உள்ள கிழிபட்டுக்கிட்டு இருக்கேன், நீங்க வெளியில நிச்சயதார்த்தம் நடத்தியிருக்கீங்க. எனக்கு ஒரு வாய் காப்பி இல்ல." தையல் இழுக்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தங்கை சிரிக்கவில்லை. கடிகாரத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"எடுத்துக்கோங்க."

"இல்லம்மா, அன்னிக்கு என்ன ஆச்சுன்னா..."

"அப்பா கடையில ஒரே விலைன்னு போர்டு மாட்டிட்டுப் பேரம் பேசுவாரு. நான் பேச மாட்டேன். எடுத்துக்கிட்டீங்கன்னா இனிமே இந்த வாசல் மிதிக்கக்கூடாது. வேணாம்னா இங்கேயே விட்டுட்டு, கை கழுவிட்டு சாப்பிட வாங்க."

"ஏய், விடு" என்றார் மாப்பிள்ளை. "ஒரு வாட்சுக்கு மச்சான் போய்..."

ஜோடி கடிகாரத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்லது கெட்டதுக்கு மட்டும் வந்துட்டுப் போறேனே?"

விலையைக் குறைத்துக் கேட்கிறவன் வாங்க முடிவெடுத்துவிட்டான் என்பது வியாபாரி வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாதா.

"ஒரே விலைண்ணே" என்றாள்.

அவர் கடிகாரத்தை எடுத்தார். கவிழ்த்துப் பின்மூடியைத் தடவினார். அதில் மாட்டியிருந்த நைலான் பட்டையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இதோட பழைய தோல் பட்டை எங்கயாவது கிடக்குமாம்மா? அது இருந்தாத்தான் சரியா அமையும்."

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. தங்கை உள்ளே போனாள். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு தட்டாகக் குடைகிற சத்தம் கேட்டது. பட்டை லேசில் கிடைக்கவில்லை. ஜோடி அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தார்.