சட்டை போட முடியாத இஸ்திரிக்காரர்

ஊரார் சட்டையெல்லாம் தேய்த்துக் கொடுக்கும் முருகையனால் தன் உடம்பில் ஒரு சட்டை போட முடியவில்லை. இஸ்திரிக்காரனுக்கு இதைவிடக் கேவலம் வேறு வேண்டுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

நாலு மாதத்துக்கு முன் வலது விலாவில் அக்கி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள் மனைவி தாயம்மா. டாக்டரை நம்புவதாவது என்று, ஒரு குயவரைத் தேடிப் பிடித்துக் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டார். கொப்புளம் காய்ந்தது. அது தானாகவே காயும் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். அடையாறில் அவர் தள்ளுவண்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் டாக்டரை ஜெயித்த கதையைச் சொன்னார். கதை முடிந்தது, வலி முடியவில்லை. துணி பட்டாலே இஸ்திரிப் பெட்டியை விலாவில் வைத்ததுபோல் எரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் பொசுக்கிய சட்டைகளெல்லாம் சேர்ந்து பழிவாங்கின போலிருக்கிறது.

கடைசியில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்கி போய்விட்டது, அது கெடுத்த நரம்புதான் வலிக்கிறது, மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றாள் டாக்டரம்மா. மாத்திரை அட்டையை மருந்துக்கடை அப்துல் வஹீதிடம் காட்டி விசாரித்தார். மனச்சோர்வுக்கும் தருவார்கள், நரம்பு வலிக்கும் தருவார்கள் என்றார் வஹீத். முதல் பாதியோடு முருகையன் காதை மூடிக்கொண்டார். என்னைப் பைத்தியமாக்கவா பார்க்கிறீர்கள் என்று அட்டையைக் கரி நெருப்பில் போட்டார். அந்தப் புகைக்கு அரைமணி நேரம் இருமியதும் அவரேதான்.

அதிலிருந்து வெற்றுடம்பு. வண்டி நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் ரகுபதி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். திங்கட்கிழமை சட்டையில்லாமல் கண்டால் கேட் அருகே வண்டி நிற்காது என்றார். முப்பத்தைந்து வருஷத்து இடம். வேறு இடம் கிடையாது.

திங்கட்கிழமை தன் சட்டையை மாட்டினார். இரண்டு நிமிஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கழற்றி எறிந்தார். தேய்க்க வந்த துணியில், மூன்றாம் மாடிப் பாட்டு வாத்தியார் கிச்சாவின் பட்டு ஜிப்பா வழுவழுவென்று கிடந்தது. வாடிக்கைக்காரர் துணியை உடம்பில் போடுகிறவன் மனுஷனே இல்லை என்று எத்தனையோ பேரைத் திட்டியவர், சுற்றுமுற்றும் பார்த்துத் தலையை உள்ளே விட்டார். எரிச்சல் பாதியாக அடங்கியது.

ரகுபதி வந்து மேலும் கீழும் பார்த்து, வீட்டில் கல்யாணமா என்றார். பின்னாலேயே கிச்சா. சாயங்காலம் மயிலாப்பூரில் அவருக்குக் கச்சேரி.

"இது என் ஜிப்பான்னோ?"

"உன்னுதுதான் ஐயரே. திருடல. வேற துணி பட்டா நெருப்பா எரியுது, இன்னா பண்றது?"

கிச்சா திட்டவில்லை. கேட்டுக் கேட்டு அக்கி முதல் கரி நெருப்பு வரை எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்.

"எனக்கும் போன வருஷம் அக்கி வந்தது. அந்த மாத்திரையத்தான் முழுங்கிண்டிருக்கேன். பருத்தி ஒத்துக்கலைன்னுதான் பட்டு. நான் பைத்தியமா சொல்லு?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் கிச்சா விடியற்காலையில் பாடுவதை வருஷக்கணக்காகக் கேட்டவர் முருகையன். கொஞ்சம் யோசித்தார்.

"பாட்ட வச்சி ஒண்ணும் சொல்ல முடில ஐயரே."

ரகுபதி வாயைப் பொத்திக்கொண்டார். கிச்சா மாடிக்குப் போய்ப் பழைய ஜிப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். நாளைக்கே ராயப்பேட்டை போய் மாத்திரை வாங்குவதானால் இது உனக்கு என்றார். முருகையன் தலையாட்டிவிட்டு ரகுபதியைப் பார்த்தார்.

"வண்டி இங்கயே இருக்கட்டுமாப்பா?"

"சட்டைதான் இருக்கே. இருக்கட்டும்."

கச்சேரி ஜிப்பாவைக் கழற்றினால்தான் தேய்க்க முடியும். பழையதை மாட்டுவதற்குள் விலா வெளியே தெரிந்தது. ரகுபதி தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.